"நீ டெக்குக்குத்தான் போவாய்" என்று இனியும் சொல்வோமா?



உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள் நம்மூர்ச் சந்தியில் பெனர் கட்ட இடம் கிடைக்காது. மின்கம்பம், பாமசிச் சுவர், பஸ் தரிப்பிடம் எல்லாம் நிறைந்துவிடும். பிள்ளையின் படம், வாப்பாவின் பெயர், டியூசன் சேரின் பெயர், வாழ்த்துச் சொல்லும் விளையாட்டுக் கழகத்தின் பெயர். மாஷா அல்லாஹ். அந்தப் பிள்ளைகள் இரவு பகலாகப் படித்தவர்கள். அவர்களின் உழைப்பில் ஒரு துளியையும் நாம் குறைத்துப் பேச வரவில்லை.

கேட்க வந்தது வேறு. அந்தப் பிள்ளையோடு அதே வகுப்பில் வாங்கில் இருந்த மற்ற முப்பது நாற்பது பேரும் எங்கே?

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அண்மைய வருடங்களில் ஒவ்வொரு தடவையும் 160,000 க்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது 40,000 சொச்சம் பேருக்கு. தகுதி பெற்றவர்களிலேயே நால்வரில் மூவர் வெளியே நிற்கிறார்கள். ஓ.எல் கணிதத்தில் W எடுத்து உயர்தர வகுப்பு வாசலையே மிதிக்காத பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை.

இந்த மூன்று பங்குப் பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கும் திட்டம் என்ன? ஃபெஸ்ட் ஷை சரிவராவிட்டால் செக்கண்ட் ஷை. அதுவும் சரிவராவிட்டால் தேர்ட் ஷை. அதற்குள் பிள்ளைக்கு வயது 22. வாப்பா டியூசனுக்குக் கட்டிய காசில் ஒரு கடையே போட்டிருக்கலாம். பிறகு ஆண் பிள்ளைக்கு பாஸ்போர்ட், பெண் பிள்ளைக்குக் கலியாணம். இதற்குப் பெயர் திட்டமா?

எட்டிய தூரத்தில் ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அக்கரைப்பற்றிலும் இருக்கிறது. உயர்தரம் சித்தியடைந்தவர்கள் எச்.என்.டி செய்ய சம்மாந்துறையிலேயே ஏ.டி.ஐ இருக்கிறது. பஸ்ஸில் அம்பாறைக்குப் போனால் ஹார்டி இருக்கிறது. நம் பிள்ளைகளை அந்த வாசலுக்குப் போகவிடாமல் மறித்து நிற்பது யார்? அரசாங்கமா? இல்லை. நாம்தான். முதலில் நாங்கள், ஆசிரியர்கள்.

ஒப்புக்கொள்வோம். வகுப்பில் கணக்குச் செய்யாத பையனைப் பார்த்து நாங்கள் என்ன சொல்கிறோம்? "நீ டெக்குக்குத்தான் போவாய்." திட்டுவதற்கு வேறு சொல் கிடைக்காதபோது ஒரு அரச கல்லூரியின் பெயரையே திட்டாக்கி வைத்திருக்கிறோம். பதினாறு வயதில் நாற்பது பேருக்கு முன்னால் அதைக் கேட்ட பிள்ளை, பதினெட்டு வயதில் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்புமா? போனால் சேர் சொன்னது பலித்துவிட்டது என்று ஊரே சிரிக்கும் என்ற பயம் அதற்கு.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு வருடம் பாடசாலைக்குத் தொழில்நுட்பக் கல்லூரியின் கற்கை அறிவித்தல் தபாலில் வந்தது. அறிவித்தல் பலகையில் ஒட்ட இடம் இருக்கவில்லை. பலகை முழுக்க 9 ஏ எடுத்தவர்களின் படங்கள். அந்தத் தாள் அலுமாரிக்கு மேலே போனது. முடிவுத் திகதி கடந்தபிறகு கூட்டித் துடைக்கும்போதுதான் கையில் அகப்பட்டது. அந்த வருடம் ஓ.எல் கணிதத்தில் தவறிய பையன் ஒருவன் இப்போது டோஹாவில் இருக்கிறான். வயரிங் வேலை நன்றாகத் தெரியும். ஊரில் மாமாவோடு போய்க் கையால் பழகியது. அங்கே எலெக்ட்ரீசியன் செய்கிற வேலையைத்தான் செய்கிறான். சம்பளம் மட்டும் ஹெல்பர் சம்பளம். "சேர், இங்க வேலை தெரியுமாண்டு கேக்கிறல்ல, சேர்டிபிகட் எங்கயெண்டுதான் கேக்கிறாங்க" என்று வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பினான். அவன் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்தத் தாள் அலுமாரிக்கு மேலே கிடந்தது அவனுக்குத் தெரியாது.

அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விபரமாகச் சொல்வோம்.

தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ, 7 படிகள் உள்ள ஓர் ஏணி. 1 முதல் 4 வரை சான்றிதழ். 5 உம் 6 உம் டிப்ளோமா. 7 பட்டம். அந்தப் பட்டத்துக்கென்றே 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 'யுனிவொடெக்' என்ற அரச பல்கலைக்கழகம் உருவானது, இரத்மலானையில் இருக்கிறது. ஓ.எல்லோடு நின்ற பிள்ளை என்.வி.கியூ 4 எடுத்து, படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போக இந்த நாட்டில் சட்டப்படி பாதை இருக்கிறது. உயர்தரம் மட்டும்தான் ஒரே பாலம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்.

மின்னியல், குளிரூட்டி மற்றும் ஏசி திருத்துதல், வெல்டிங், மோட்டார் வாகனம், குழாய் பொருத்துதல், படவரைதல், கணினி, கணக்கியல் என்று இத்தகைய கல்லூரிகளில் கற்கைகள் உண்டு. சிலவற்றுக்கு ஓ.எல் சித்தி தேவை. சிலவற்றுக்கு அதுவும் கட்டாயமில்லை. ஏ.டி.ஐ பக்கம் போனால் கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்ற எச்.என்.டி கற்கைகள். முழுநேரமாகப் படிப்பதற்கு டியூசனுக்குக் கட்டுவதுபோல மாதாமாதம் கட்டவேண்டியதில்லை.

படிப்பு முறையும் வேறு. காலையில் விரிவுரை, பிறகு வேர்க்‌ஷொப். கையில் எண்ணெய் படும், சப்பாத்தில் இரும்புத் தூள் ஒட்டும். செய்த வேலையை ஒவ்வொன்றாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கவேண்டும். கடைசியில் ஓ.ஜே.டி. வெளியே ஒரு நிறுவனத்திலோ வேலைத்தளத்திலோ மாதக்கணக்கில் பயிற்சி. நம்மூரை விட்டு வெளியே போகாத பையன் முதல் தடவையாகத் தமிழ்ப் பிள்ளையோடும் சிங்களப் பிள்ளையோடும் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரிப்பது பெரும்பாலும் அப்போதுதான். பத்து வருடம் பாடசாலையில் படித்தும் வாயில் வராத சிங்களம், அந்த ஆறு மாதத்தில் வந்துவிடுகிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அங்கே மதிப்பீடு செய்யும் முறை. அங்கே W இல்லை, தீவில் எத்தனையாவது இடம் என்பது இல்லை. வேலையைச் சரியாகச் செய்து காட்டினால் தேர்ச்சி பெற்றவர். காட்டாவிட்டால் "இன்னும் தேர்ச்சி பெறவில்லை". அந்த "இன்னும்" என்ற சொல்லைப் பாருங்கள். பழகிவிட்டுத் திரும்ப வா என்று அர்த்தம். பதினொரு வருடம் எங்கள் வகுப்புகளில் இருந்த பிள்ளைக்கு நாங்கள் ஒரு தடவையாவது அந்தச் சொல்லைச் சொன்னோமா?

இனி பெற்றோரிடம் சில கேள்விகள்.

இலவசமாகக் கிடைப்பதில் மதிப்பில்லை என்று நினைத்துத்தானே இலட்சக்கணக்கில் கட்டி தனியார் டிப்ளோமாவுக்கு அனுப்புகிறீர்கள்? ஏசி போட்ட வகுப்பறை, கறுப்புக் கவுன், தொப்பி, பட்டமளிப்புப் படம். படம் வரவேற்பறையில் தொங்கும். சான்றிதழை நேர்முகத் தேர்வில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எல்லாத் தனியார் நிறுவனமும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிற்கல்வி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யவேண்டும். காசு கட்ட முன்னர் "உங்கள் பதிவு இலக்கம் என்ன? இந்தக் கற்கைக்கு என்.வி.கியூ கிடைக்குமா? எத்தனையாம் படி?" என்று எத்தனை பேர் கேட்டோம்? மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற நாம், பிள்ளையின் எதிர்காலத்தை வாங்கும்போது பெனரின் கலரைப் பார்த்து வாங்குகிறோம்.

"தொழில் படித்தால் நல்ல இடத்தில் சம்பந்தம் வராது" என்று ஒரு பேச்சு இருக்கிறது. தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பு வேலை செய்தார்கள். ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். மிம்பரில் இதைக் கேட்டு "சுப்ஹானல்லாஹ்" சொல்கிற நாம், வீட்டுக்கு வந்து "மாப்பிள்ளை ஓடாவியா?" என்று முகம் சுளிக்கிறோம். மகளுக்குச் சீதன வீடு கட்டுகிற வாப்பாவுக்குத் தெரியும், இன்றைக்கு ஊரில் நல்ல ஓடாவியையும் மேசனையும் பிடிப்பது எவ்வளவு பாடு என்று. அவர் வரும்வரை நாட்கணக்கில் காத்திருக்கிறோம், கேட்ட கூலியைக் கொடுக்கிறோம், மரியாதையை மட்டும் கொடுக்கமாட்டோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் நியாயம் இன்னும் விசித்திரமானது. தொழிற்கல்வி என்றதும் தையலும் கேக்கும்தான் ஞாபகம் வருகிறது. தையல் நல்ல தொழில்தான், விருப்பம் உள்ளவர் செய்யட்டும். ஆனால் கணிதத்தில் கெட்டிக்காரியான பிள்ளைக்குப் படவரைதல் இருக்கிறது, கியூ.எஸ் இருக்கிறது, கணினி இருக்கிறது. "ஆண் பிள்ளைகளோடு படிக்கவேண்டுமே, பஸ்ஸில் போகவேண்டுமே" என்கிறீர்கள். அதே பிள்ளையை விடியற்காலை டியூசனுக்கு அனுப்பினோம்தானே? கம்பஸ் கிடைத்தால் பேராதனைக்கும் கொழும்புக்கும் பெட்டி கட்டி அனுப்புவோம்தானே? அங்கே ஆண் பிள்ளைகள் இல்லையா? கம்பஸ் என்றால் சரி, டெக் என்றால் ஹராமா? நம் தயக்கத்தின் வேர் மார்க்கத்தில் இல்லை, கௌரவத்தில் இருக்கிறது. அதை மார்க்கத்தின் தலையில் கட்டவேண்டாம்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. சில இடங்களில் தமிழ் மொழியில் படிப்பிக்கப் போதனாசிரியர் இல்லை. சில இடங்களில் இயந்திரம் பழையது. சில கற்கைகள் பெயருக்கு இருக்கும், பிள்ளைகள் போதாமல் ஆரம்பிக்காது. அதையெல்லாம் நாம் மறைக்கவில்லை. ஆனால் வைத்தியசாலையில் டொக்டர் இல்லாவிட்டால் ஊர் திரண்டு வீதிக்கு வருகிறது. தொழில்நுட்பக் கல்லூரியில் போதனாசிரியர் இல்லை என்று ஒரு மகஜராவது கொடுத்தோமா? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மைதானத்துக்கு லைட் கேட்டோம், சந்திக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கேட்டோம். இதைக் கேட்டோமா? நம் பிள்ளைகள் போகாத இடத்துக்கு நாம் குரல் கொடுப்பதில்லை. குரல் இல்லாத இடத்துக்கு வளம் வருவதில்லை. பிறகு "அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லி நம் பிள்ளைகளை அனுப்புவதில்லை. இந்தச் சுற்றை ஒரு பக்கம் அறுக்கவேண்டும்.

ஏற்கனவே தொழில் தெரிந்து, கையில் தாள் இல்லாமல் இருக்கும் தம்பிமாருக்கும் ஒரு சொல். அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ சான்றிதழ் கொடுக்கும் முறை இந்த நாட்டில் இருக்கிறது. ஆர்.பி.எல் என்பார்கள். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கொண்டுபோய், மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டவேண்டும். திரும்ப வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை. 'நைட்டா' அலுவலகத்தில் கேளுங்கள். விசாவுக்குக் கொடுக்க முன்னர், ஏஜென்சிக்குக் காசு கட்ட முன்னர் கேளுங்கள். டோஹாவில் இருக்கும் எங்கள் மாணவனுக்கும் இதைத்தான் சொன்னோம். லீவில் வரும்போது செய்வதாகச் சொல்லியிருக்கிறான், இன்ஷா அல்லாஹ்.

பேசிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. நான்கு காரியங்களைக் கேட்கிறோம்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கு: பெறுபேறு வந்த பின் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் தாருங்கள். கல்லூரிப் போதனாசிரியர் ஒருவரை அழைத்து விபரம் சொல்லச் சொல்வோம். வாசலில் ஒரு மேசை போட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க நாங்கள் வருகிறோம்.

ஸகாத் நிதியத்தாருக்கு: தையல் மெசினும் ஆட்டோவும் கொடுக்கிறீர்கள், நல்ல விஷயம். ஓ.ஜே.டிக்குப் போக பஸ் காசில்லாமல் இடையில் நிற்கும் பிள்ளையையும், சான்றிதழோடு வந்தும் கருவிப் பெட்டி வாங்க வழியில்லாத பிள்ளையையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்.

விளையாட்டுக் கழகங்களுக்கு: அடுத்த பெனரில் என்.வி.கியூ முடித்த ஒரு பிள்ளையின் படத்தையும் போடுங்கள். மருத்துவபீடப் பிள்ளையின் படத்தைச் சின்னதாக்கத் தேவையில்லை. பக்கத்தில் போடுங்கள், அதே அளவில்.

நான்காவது எங்களுக்கு, ஆசிரியர்களுக்கு. "நீ டெக்குக்குத்தான் போவாய்" என்ற வசனத்தை இன்றோடு வாயிலிருந்து எடுத்துவிடுவோம். ஒரு பிள்ளையிடம் அதைச் சொல்லவேண்டி வந்தால் தனியே கூப்பிட்டு, விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, முடிவுத் திகதியைச் சொல்லி, "போய்ப் பார் மகன், உனக்குச் சரிவரும்" என்று சொல்வோம். அறிவித்தல் பலகையில் 9 ஏ படங்களை ஒரு பக்கமாக நகர்த்தி, ஒரு தாளுக்காவது இடம் விடுவோம்.

அலுமாரிக்கு மேலே இன்னொரு தாள் போகக்கூடாது.