ஏழை ஏன் சிரிக்கிறான்?

"பிச்சை எடுத்தாராம் பெருமாள், அதைப் பிடுங்கித் தின்றாராம் அனுமார்!"

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டிமார் சொல்லும் பழமொழி இது. கேட்டதும் சிரிப்பு வரும். யோசித்தால் வயிறு எரியும்.

யூத மக்களிடமும் இப்படி ஒன்று உண்டு. "ஏழை வீட்டில் கோழிக் குழம்பா? அப்படியானால் ஏழைக்கு நோய். இல்லாவிட்டால் கோழிக்கு நோய்!" நல்ல கோழியாக இருந்தால் அதை விற்று அரிசி வாங்கியிருப்பான் அல்லவா?

2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பாட்டியின் பழமொழி பலித்தது. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் கண்மாயில் மண் வெட்டினார்கள். தினக்கூலி ரூ.319. அதை 15 நாளில் கொடுக்கவேண்டும் என்றது 2005-ம் ஆண்டுச் சட்டம். மாதங்கள் ஓடின, கூலி வரவில்லை.

"ரூ.4,034 கோடி பாக்கி" என்றது மாநில அரசு. "தமிழ்நாட்டுக்கு நிறையக் கொடுத்திருக்கிறோம்" என்றது மத்திய அரசு.

பசி தவணை கேட்குமா? கடன் வாங்கித்தான் உலை வைக்கவேண்டும். கடைசியில் கூலி வந்தாலும் அதில் ஒரு பங்கை வட்டி தின்றுவிடும். வட்டிதான் இங்கே அனுமார்!

ஏழை சிரிப்பதைப் பார்த்து, அவனுக்குக் குறையில்லை என்று நினைப்பது தவறு. "என் பாக்கி எங்கே?" என்ற கேள்விதான் அந்தச் சிரிப்பு.