ஈசன் தேய்ந்து ‘ஷ்’ ஆன கதை

நம் வகுப்பில் ஹாஜர் எடுத்தால் தினேஷ், லோகேஷ், ராகேஷ், கணேஷ் என்று ஒரே ஓசையாக நீள்கிறது. இவர்களுடைய பாட்டனார்களோ கணேசன், நடேசன், வெங்கடேசன். இரு வரிசைக்கும் மூலம் ஒன்றே. தலைவன் என்று பொருள்படும் ‘ஈச’ என்னும் வடசொல். பகலுக்குத் தலைவன் தினேசன், அதாவது சூரியன். ராகேஷ் என்பவனோ பௌர்ணமி இரவின் நாயகனான சந்திரன்! பெயரிட்ட பெற்றோரில் எத்தனை பேர் இதை அறிவார்களோ? (சந்தோஷும் பிரகாஷும் இக்கூட்டத்தில் சேரார், அவற்றில் ஈசன் இல்லை.)

ஹிந்தி பேசுவோர் வடசொல்லின் ஈற்று அகரத்தை உச்சரியாது விடுவர். தமிழோ அங்கே ‘அன்’ சேர்த்துக்கொள்ளும். அந்த ‘அன்’ போனதில் நமக்கு வருத்தந்தான். ‘கணேசா!’ என்று தெருக்கோடிவரை நீட்டி அழைக்கலாம்; ‘கணேஷ்’ என்பதை எங்ஙனம் நீட்டுவது?

நிற்க. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன், அவனே பேரன். சென்ற மாதம் மூதாட்டி ஒருவர் பள்ளி வாசலில் நின்று பேரனை அழைக்கச் சொன்னார். பெயரைக் கேட்டோம். கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாத தலைமுறை, வெகுநேரம் தயங்கினார்.

“கடைசியில் ‘ஷ்’ என்றுதானே முடிகிறது? இது வேறு பெயர்தான்” என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, மெல்ல, “கணேஷ்” என்றார்.