கறியைக் கழுவுங்கள், குழாயடியில் வேண்டாம்

கோழிக்கறியைக் கழுவவே கூடாது என்று சொல்லும் காணொளி ஒன்று எங்கள் தெருவில் எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் அதைக் காட்டி, "என்னக்கா இது, கழுவாத கறியை எப்படிச் சட்டியில போடுறது?" என்று கேட்டாள். மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்து அடையாளம் காணும் வேலை பார்த்தவள் நான். ஞாயிறு தவறாமல் கறி எடுக்கும் மதுரைக்காரியும்கூட. அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: நம் ஊர்க் கறியைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் நாம் கழுவுகிற விதம் சரியில்லை.

அந்த அறிவுரை பொய்யல்ல. அமெரிக்க வேளாண் துறை அதைப் பல காலமாகச் சொல்கிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014இல் அதற்காகப் பெரிய பிரசாரமே நடத்தியது. ஆனால் அங்கே கோழி ஆலையிலேயே இறகு நீக்கி, குடல் எடுத்து, கழுவி, குளிரவைத்து, உறையிட்டுக் கடைக்கு வருகிறது. வீட்டில் கழுவி எடுக்க அழுக்கு என்று எதுவும் இருக்காது. நம் கடையில் கோழி கண்ணெதிரே அறுபட்டு, தோல் உரிக்கப்பட்டு, புளியமரக் கட்டையில் வெட்டுப்பட்டுப் பைக்குள் வருகிறது. கூடவே எலும்புத் தூளும் உறைந்த ரத்தமும் ஒட்டிய இறகும் வருகின்றன. நாட்டுக்கோழி என்றால் மஞ்சள் தேய்த்துத் தீயில் வாட்டிய கரியும் உண்டு. ஆட்டுக்கறியில் முடி இருக்கும். இதையெல்லாம் அப்படியே குழம்பில் போடு என்றால் எந்த வீட்டில் கேட்பார்கள்? கேட்கவும் தேவையில்லை.

ஆனால் தண்ணீரில் அழுக்குதான் போகும், கிருமி சாகாது. கிருமியைக் கொல்வது நெருப்பு. கோழிக்கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற கிருமிகள் செத்துவிடும். நம் குழம்பு கொதிப்பதோ 100 டிகிரியில், குக்கருக்குள் அதற்கும் மேலே. ஆகவே சட்டிக்குள் போன கிருமியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சட்டிக்குள் போகாமல் வெளியே தங்கிவிட்ட கிருமியைப் பற்றித்தான் கவலை. குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அதனடியில் கறியை நீட்டும்போது அது குழாய்த் திருகில், சின்க்கின் விளிம்பில், பக்கத்தில் கவிழ்த்து வைத்த தம்ளரில், பாத்திரம் தேய்க்கும் நாரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவற்றை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகம் சிதறும் என்றும், மெத்தென்ற சதையில் நீர்த்தாரை பள்ளம் பறிப்பதால் சிதறல் இன்னும் கூடும் என்றும் 2022இல் வந்த இயற்பியல் ஆய்வொன்று காட்டியது.

அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. கோழிக்கறியில் தீங்கில்லாத ஒரு கிருமியை அடையாளத்துக்காகத் தடவிக் கொடுத்து, சிலரைச் சமைக்கவும் பச்சையாகத் தின்னும் கீரை சாலட் செய்யவும் சொன்னார்கள். கறியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சின்க்கில் அந்தக் கிருமி இருந்தது. சின்க்கைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேருடையதில் இருந்தது. 26 சதவீதம் பேரின் சாலட்டுக்கே போய்விட்டது. காணொளிக்காரர்கள் சொல்லாமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது: கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலட்டில் அதே கிருமி. காரணம், பெரும்பாலும் சரியாகக் கழுவப்படாத கையும் கிருமி பட்ட சின்க்கும் பாத்திரங்களும்தான். கறியைக் கழுவாமல் விட்டாலே பிழைத்தோம் என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரமில்லை.

நம் வீட்டில் கீரை சாலட் கிடையாது, தயிர் வெங்காயம் உண்டு. கறி அலசிய கையோடு, கறி நறுக்கிய அதே அரிவாள்மனையில் வெங்காயம் அரிகிற வீடுகளை எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்த பிறகு மேலே தூவுகிற கொத்தமல்லித்தழையும், கடைசியில் பிழிகிற எலுமிச்சையும் வேகாதவையே. மறுநாள் வயிறு கடுத்தால் "பிரியாணி ஒத்துக்கலை" என்று பிரியாணிமேல் பழி போடுகிறோம். உண்மைக் காரணம் தெரியவருவது அரிது: கேம்பிலோபாக்டரை ஆய்வகத்தில் வளர்க்க ஆக்சிஜன் குறைந்த சூழலும், வழக்கமாக 42 டிகிரி வெப்பமும் வேண்டும். அதற்கான ஏற்பாடு எல்லா ஆய்வகத்திலும் இருக்காது, கேட்டால்தான் தேடுவார்கள். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் நின்றுவிடும், யாரும் எதையும் கேட்பதில்லை. அந்தக் கிருமி வந்துபோன பிறகு, அபூர்வமாகச் சிலருக்குக் கைகால் நரம்புகள் செயலிழக்கும் கில்லன் பாரே நோய் வருவதுண்டு.

மஞ்சள் போட்டுக் கழுவுகிறோமே என்பார்கள். வாடை போகும், நிறம் ஏறும், அதனால் போடுங்கள். ஆனால் மஞ்சளின் சத்து தண்ணீரில் சரியாகக் கரைவதுகூட இல்லை. இரண்டு நிமிடம் பிசறியதால் கறி சுத்தமாகிவிட்டது என்று நம்ப வேண்டாம். கல் உப்புக்கும் எலுமிச்சைக்கும் இதுவேதான்.

எங்கள் வீட்டில் முதலில் பச்சடிக்கும் மேலே தூவவும் வேண்டியதையெல்லாம் அரிந்து மூடி எட்ட வைத்துவிடுவோம். கறிப்பை அதற்குப் பிறகுதான் அவிழும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, குழாயை மூடிவிட்டு, கறியை மெல்ல உள்ளே இறக்கி, தண்ணீருக்குள்ளேயே அலச வேண்டும். அந்தத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டாமல் சாக்கடை வாயருகே சாய்த்து ஊற்ற வேண்டும். இரண்டு தண்ணீர் போதும். பிறகு சோப்பும் சுடுநீரும் விட்டு சின்க்கையும் குழாய்த் திருகையும் தேய்த்து, கையை 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிசறி வைத்த பச்சைக் கறி மசாலாவை நாக்கில் தொட்டு உப்புப் பார்க்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கே இத்தனை பாடமும் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடையில் "கழுவித் தரட்டுமா?" என்று கேட்டு, காலையிலிருந்து நிற்கும் வாளித் தண்ணீரில் கறியை முக்கி எடுக்கிறார்களே, அங்கே ஒரு கோழியின் கிருமி அன்று விற்கும் அத்தனை கோழிக்கும் போகிறது. "அண்ணே, வாளியில முக்காமக் குடுங்க" என்று நான் சொல்லி வாங்குகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை; அந்தக் கடையில் தண்ணீர்க் குழாயே இல்லை. ஓடும் தண்ணீரும் கழிவுநீர் போக வழியும் இல்லாத கறிக்கடைக்கு உள்ளாட்சிகள் உரிமம் புதுப்பிக்கக் கூடாது. இணைப்புக்குப் பணம் இல்லாத சிறு கடைக்காரருக்கு அதை உள்ளாட்சிகளே போட்டுக் கொடுக்க வேண்டும்.