பழையதை அழிக்கச் சொன்னோம், புதியது போய்விட்டது

இரண்டாம் தவணை விடுமுறைக்குப் பிறகு எமது கணினி ஆய்வுகூடத்தில் தரம் 10 பிள்ளைகளின் மூன்று வார வேலை காணாமல் போன கதை ஊரில் பலருக்குத் தெரியும். வைரஸ் என்றார்கள். கடைசியாக அந்தக் கணினியில் இருந்த மாணவனின் வேலை என்றும் சொன்னார்கள். அந்தப் பிள்ளையை முதலில் சந்தேகித்தது நாங்கள்தான். கூப்பிட்டு விசாரிக்கவும் செய்தோம். அழித்தது அவனல்ல, நாங்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இப்போது சில வாப்பாமார், "இனிப் பிள்ளைகளுக்கு அந்தக் கறுப்புத் திரையைக் காட்ட வேணாம் சேர்" என்கிறார்கள். அதற்கு நாங்கள் உடன்படவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். பழைய மாணவர்கள் தந்த கணினிகளில் லினக்ஸ் போட்டிருக்கிறோம். ஒன்றில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்றின் பெயர் "10", மற்றதன் பெயர் "10 பழையது". பழையதை அழிக்க விடுமுறையில் இரண்டு வரிக் கட்டளைக் கோப்பு ஒன்று எழுதினோம். முதல் வரியில் "10 பழையது" என்ற பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து ஒரு மாறியில் சேமித்தோம். இரண்டாம் வரியில் அந்த மாறியைக் கொடுத்து அழிக்கச் சொன்னோம். அங்கே மேற்கோள் குறி போடவில்லை. "பழையது என்று எதுவும் இல்லை" என்று திரையில் ஒரு வரி வந்தது. சரி, அழிந்துவிட்டது போல என்று கணினியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம். பாடசாலை தொடங்கியபோது "10 பழையது" அப்படியே இருந்தது. "10" இல்லை.

அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஷெல் என்று ஒரு நிரல் இருக்கிறது. எங்களிடம் இருப்பது 1989 இல் வந்த பாஷ். நாம் எழுதும் வரியை அது அப்படியே கட்டளையிடம் கொடுப்பதில்லை. முதலில் தானே வாசித்து, மாற்றி எழுதுகிறது. டாலர் குறியோடு மாறியின் பெயர் இருந்தால் அந்த இடத்தில் மாறிக்குள் இருப்பதை வைக்கும். டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு உள்ளே இன்னொரு கட்டளையை எழுதினால், அதை முதலில் ஓட்டி, அது சொன்ன விடையை அந்த இடத்தில் வைக்கும். ஒவ்வொரு வாரமும் எடுக்கும் பிரதிக்கு அன்றைய திகதியையே பெயராகச் சூட்ட நாங்கள் இதைத்தான் பாவிக்கிறோம். இப்படி வைத்த சொற்களை அதன் பிறகு இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும். கடைசியாக, நட்சத்திரக் குறி இருந்தால் அதற்குப் பொருந்தும் கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கட்டளைக்கு வேலை.

இடையில் வருகிற அந்த வெட்டுதான் எங்களைக் கவிழ்த்தது. அதிபர் ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்தனுப்புகிறார் என்று வையுங்கள். கொண்டு போகிறவர் இடைவெளி கண்ட இடமெல்லாம் புதிய ஆள் என்று நினைக்கிறார். "அப்துல் ரஹ்மான்" என்று எழுதியிருந்தால் அவர் அப்துலைத் தனியாக, ரஹ்மானைத் தனியாகக் கூப்பிடுவார். எமது ஊரில் அரைவாசிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகிவிடுவார்கள்! இரட்டை மேற்கோள் குறி போட்டால் மாறி விரியும், ஆனால் வெட்டு விழாது. ஒற்றை மேற்கோள் குறி போட்டால் எதுவுமே மாறாது.

இதில் நாங்கள் மட்டும் விழவில்லை. 2001 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0 நிறுவியில் இதே மேற்கோள் குறிதான் விடுபட்டிருந்தது. பெயரில் இடைவெளி உள்ள வன்தட்டு வைத்திருந்த சிலர் தமது கோப்புகளை இழந்தார்கள். அப்பிள் அதை அவசரமாகத் திரும்பப் பெற்றது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளிலும் ஒரு வழு வெளியே வந்தது. அங்கே மேற்கோள் குறி சரியாகவே இருந்தது. ஆனால் மாறிக்குள் ஒன்றும் இல்லாத ஒரு சந்தர்ப்பம் வந்தது. வெறுமை விரிந்தாலும் வெறுமைதான். ஆகவே "இந்தக் கோப்புறைக்குள் உள்ளதை அழி" என்பது "கணினியில் உள்ள எல்லாவற்றையும் அழி" என்றாகிவிட்டது. அந்த வரிக்கு மேலே, இது பயமாக இருக்கிறது என்று எழுதியவரே குறிப்பும் வைத்திருந்தார். பயந்தவர் ஒரு சோதனையும் போட்டிருக்கலாம்.

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. விண்டோஸ் என்றால் "நிச்சயமாகவா?" என்று கேட்குமே, இது ஏன் கேட்கவில்லை? விண்டோஸின் பழைய கட்டளைத் திரையில் நட்சத்திரக் குறி அழிக்கும் கட்டளையின் கைக்கே போய்ச் சேரும். எல்லாவற்றையும் அழிக்கப் போகிறார் என்று அதற்குத் தெரியும், கேட்கும். இங்கே ஷெல் முன்னதாகவே விரித்துவிடுவதால், அழிக்கும் கட்டளைக்குக் கிடைப்பது நானூறு பெயர்களின் பட்டியல். அவற்றை நாம் ஒவ்வொன்றாகத் தட்டினோமா, ஒரு நட்சத்திரம் போட்டோமா என்பது அதற்குத் தெரியாது.

எனவே திரையை மூடுவதில் என்ன பயன்? உலகத்தின் பெரும்பாலான இணையச் சேவையகங்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நாளை எமது பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் இந்தத் திரை இருக்கும், பக்கத்தில் நாங்கள் இருக்க மாட்டோம். பிழை எங்கள் கற்பித்தல் ஒழுங்கில் இருந்தது. கட்டளைகளைப் பட்டியல் போட்டுக் குறிப்புக் கொடுத்தோம். பிள்ளைகளும் பாடமாக்கினார்கள், பரீட்சையில் எழுதினார்கள். அந்த வரியைக் கட்டளைக்கு முன்னால் ஷெல் வாசிக்கிறது என்பதை ஒருநாளும் காட்டவில்லை. நாங்களே அதைச் சரியாக விளங்கியிருக்கவில்லை என்பதுதான் வெட்கம். கல்வியியற் கல்லூரியிலும் குறிப்பெடுத்துத்தான் படித்தோம்.

இந்தத் தவணை ஒழுங்கை மாற்றியிருக்கிறோம். அழிக்கும் கட்டளை ஐந்தாவது வாரத்தில்தான் வரும். அதுவரை எக்கோ மட்டும். எக்கோ கொடுத்ததைத் திரையில் திருப்பிச் சொல்லும், வேறொன்றும் செய்யாது. எந்த வரியையும் முதலில் எக்கோ போட்டு, ஷெல் அதை என்னவாக மாற்றுகிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். இழந்த மூன்று வார வேலையை மீண்டும் செய்யும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆய்வுகூடம் திறந்திருக்கும், கூட இருக்க எங்களில் ஒருவர் வருவார்.

போன செவ்வாய்க்கிழமை, நாங்கள் சந்தேகித்த அதே மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், ஒரு கோப்புக்கு நட்சத்திரம் என்றே பேர் வெச்சா, அதை மட்டும் எப்படி அழிக்கிறது?" அப்படிப் பெயர் வைக்க முடியுமா என்று வகுப்பே சிரித்தது. முடியும். அவனையே முன்னால் கூப்பிட்டு அப்படியொரு கோப்பை உருவாக்கச் சொன்னோம். பெயரை வெறுமனே எக்கோ போட்டான். கோப்புறையில் இருந்த எல்லாப் பெயரும் வரிசையாக வந்தது. சிரிப்பு நின்றது. பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "ஒற்றை மேற்கோளுக்குள்ள போடுடா" என்றாள். போட்டான். திரையில் ஒரேயொரு நட்சத்திரம்.