என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால் மட்டும் போதுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பழைய பிரச்சினை. ஐ.எஸ். 10500 தரநிலைப்படி, குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம். ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு ஆய்வகம் 1.4 என்றும், இன்னொன்று 1.7 என்றும் சொன்னால் என்ன செய்வது? குழந்தைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? யாரை நம்புறது?

இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் ஆய்வக அங்கீகாரம். இந்தியாவில் இதை வழங்குவது, இந்தியத் தர கவுன்சிலின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.எல். சோதனை, கேலிபரேஷன் ஆய்வகங்களுக்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 அளவுகோல், மருத்துவ ஆய்வகங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15189.

எப்படிக் கிடைக்கிறது?

எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் வேண்டும் என்று ஆய்வகம் பட்டியலிட்டு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஆவணங்களைப் பார்ப்பார்கள். பிறகு அந்தந்தத் துறை நிபுணர்கள் நேரில் வந்து, ஊழியர்களைச் சோதனை செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்றே கவனிப்பார்கள். கருவிகள் முறையாகக் கேலிபரேஷன் செய்யப்பட்டவையா, அந்தச் சங்கிலி டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற உயர்மட்ட அளவீட்டு நிறுவனம் வரை போகிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்து முடிவுகளை ஒப்பிடும் திறன் சோதனையும் உண்டு. குறைகளைச் சரிசெய்த பிறகே சான்றிதழ். அதோடு முடிவதில்லை, கண்காணிப்பு தொடரும்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் கட்டடத்துக்கு இல்லை. குறிப்பிட்ட சோதனைக்கு, குறிப்பிட்ட முறைக்கு. தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு, ஃபுளோரைடு சோதனைக்கும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. வாசல் பலகையில் முத்திரை இருப்பதை வைத்து எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது.

அங்கீகாரம் இல்லாத ஆய்வகம் எல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அதன் முடிவை வெளியாள் யாரும் சரிபார்க்கவில்லை.

எனவே பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தச் சோதனை உங்க அங்கீகாரப் பட்டியல்ல இருக்கா?” என்.ஏ.பி.எல். இணையதளத்தில் ஆய்வகத்தின் பெயரைத் தேடி நீங்களே பார்த்துக்கொள்ளவும் முடியும்.

ஆனால் எல்லோராலும் இணையத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பட்டியலைத் தமிழில், வரவேற்பறையிலேயே ஒட்டிவைப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு தாள் போதும்.