சூப்பில் என்ன இருக்கிறது?

போன மாதம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். “புதுசா ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய், என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்ச அனுபவம் உண்டா?” பத்தே நிமிடத்தில் குரல் பதிவுகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கதைதான். மெனு புரியவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது, விரலால் எதையோ தொட்டுக் காட்டினோம், வந்ததைச் சாப்பிட்டோம். “சூப்பு ஆறிப்போய் வந்துச்சு. சூடு பண்ணித் தரச் சொல்லலாமான்னு யோசிச்சுக்கிட்டே குடிச்சு முடிச்சிட்டேன்” என்றார் குளுவாங்கிலிருந்து ஓர் அண்ணன்.

மைக் முன்னால் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பாதி நடிப்பு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டிலும் ஒரு சூப்புக் கதை நடந்திருந்தது. வானொலியில் சொல்லத் துணிவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம். கோலாலம்பூர்–சிங்கப்பூர் பழைய சாலையும், பத்து பகாட்–குளுவாங் சாலையும் சந்திக்கும் இடம். வண்டிகள் நின்று, பசியாறி, பீங்கான் சாடியும் கெரோப்போக்கும் வாங்கிக்கொண்டு போகும் ஊர். அப்பா முதலில் தோட்டத்தில் பால் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லாரி ஓட்டினார். அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு, ஜோகூர் பாருவில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பிரெஞ்சு உணவகத்துக்கு அவர்களை அழைத்துப் போனேன். “எதுக்கும்மா? இங்கயே மீன்தலைக் கறி சாப்பிட்டா போதாதா?” என்றார் அப்பா. நான் விடவில்லை.

வெள்ளைத் துணி விரித்த மேசை. ஆளுக்கு மூன்று முள்கரண்டி. மெனு பிரெஞ்சு மொழியில். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஆங்கிலம். செய்தி வாசிக்கிற குரலில் நான் படித்துக் காட்டினேன். “வெங்காய சூப்பு” என்றதும் அப்பா நிமிர்ந்தார்.

“இதுல மாட்டெலும்பு போடுவாங்களா?”

லாரி ஓட்டியவர் குரல். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. “அப்பா, வெங்காய சூப்புன்னா வெங்காயம்தான். கொஞ்சம் மெதுவா பேசுங்க.” அப்பா மெனுவை மூடி வைத்தார். “சரிம்மா. நீயே சொல்லிடு.” அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

பரிமாற வந்தவர் நம் பையன். அப்பா பக்கம் குனிந்து, தமிழிலேயே சொன்னார்: “ஐயா கேட்டது சரிதான். இந்த சூப்புக்கு மாட்டெலும்புச் சாறுதான் ஊத்துறோம். உங்களுக்கு ஆகாதுன்னா கோழிச் சாறுல செஞ்ச உருளைக்கிழங்கு சூப்பு இருக்கு. அதைக் கொண்டாரட்டுமா?”

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி நுழைந்ததே இல்லை. அம்மா கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை கிடையாது. அந்த சூப்பு வந்திருந்தால் அம்மா குடித்திருப்பார், மகள் காசு கொடுத்து வாங்கித் தந்தது என்பதற்காகவே கடைசிச் சொட்டு வரை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். கேள்வி கேட்பது எப்படி என்றுதான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அந்த மேசையில் ஒரே ஒரு நல்ல கேள்வி எழுந்தது. அதை நான்தான் வாயடைக்கப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். பிரெஞ்சு வெங்காய சூப்பின் பழைய செய்முறையே மாட்டெலும்புச் சாறுதான். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்வரை வதக்கி, சாறு ஊற்றி, மேலே ரொட்டியும் சீஸும் வைத்துச் சூட்டடுப்பில் உருக்குவார்கள். பெயரில் வெங்காயம் மட்டும் தெரியும். இப்படிப் பெயரில் தெரியாதவை அந்தச் சமையலில் நிறைய. ‘கொக் ஓ வன்’ என்றால் வைனில் வேகவைத்த கோழி. ‘கிஷ் லொரேன்’ முட்டைப் பணியாரம் மாதிரி இருக்கும். உள்ளே பன்றி இறைச்சித் துண்டுகள். மூஸ் போன்ற சில இனிப்புகளில் ஜெலட்டின் சேர்ப்பார்கள்; அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. சைவக்காரர்களுக்கு இன்னொன்று: பல சீஸ் வகைகளில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள். ஆகவே “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்பது பட்டிக்காட்டுத்தனம் இல்லை. அங்கே கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘ரெஸ்டாரண்ட்’ என்ற சொல்லே சூப்பிலிருந்து பிறந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், சோர்ந்த உடம்பைத் தேற்றும் இறைச்சிச் சாற்றுக்குத்தான் அந்தப் பெயர். சாற்றின் பெயர் பிறகு அதை விற்ற கடைக்கும் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் விட்டதும் அம்மா வைத்துத் தரும் ஆட்டெலும்பு சூப்பை நினைத்துக்கொண்டேன்.

மேசைக்குத் திரும்புவோம். அப்பாவைப் பேசவைக்க வேண்டுமே என்று மிச்செலின் நட்சத்திரக் கதையை எடுத்துவிட்டேன். பிரான்ஸில் டயர் செய்யும் மிச்செலின் நிறுவனம், 1900இல் வண்டியோட்டிகளுக்கு ஒரு கையேடு போட்டது. எங்கே பழுது பார்க்கலாம், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற விவரங்கள். ஆள்கள் அதிகம் வண்டி ஓட்டினால் டயர் தேயும், டயர் விற்கும். 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். இன்றைய கணக்கில் ஒரு நட்சத்திரம் என்றால் வழியில் நின்று சாப்பிடலாம். இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம்.

அப்பா கவனமாகக் கேட்டார். “அப்போ நாங்க வெட்டுன பாலுதான் டயரு. அந்த டயருக்காரன்தான் சாப்பாட்டுக்கு மார்க் போடுறானா?” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சிரித்தேன். மிச்செலின் நிறுவனம் வியட்நாமில் சொந்த ரப்பர் தோட்டங்களே வைத்திருந்தது என்றேன். “அங்கயும் காலையில பெரட்டு இருந்திருக்கும்” என்றார் அப்பா, சிரிக்காமல்.

அடுத்து வந்தது வாத்துக் கால். உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மெல்லிய தீயில் வேகவைத்து, அதே கொழுப்பில் மூடி வைப்பார்களாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்து வேலை. பையன் விளக்கினார். “நம்ம உப்புக்கண்டம் மாதிரி” என்றார் அம்மா. அதன் பிறகு அவர் ஒரு முள்கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

“இருந்தாலும் இதெல்லாம் வெள்ளைக்காரன் சாப்பாடும்மா” என்றார் அப்பா, ரொட்டியைப் பிய்த்தபடி. நான் தர்ஷன் செல்வராஜாவைப் பற்றிச் சொன்னேன். இலங்கையிலிருந்து பிரான்ஸ் போன தமிழர். 2023இல் பாரிஸ் நகரத்தின் மிகச் சிறந்த பகெட் ரொட்டிக்கான பரிசு அவருக்குத்தான். வென்றவர் ஓராண்டுக்குப் பிரெஞ்சு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுப்பது வழக்கம். அப்பா கையிலிருந்த துண்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

நேயர்கள் அனுப்பியவற்றில் பில் அதிர்ச்சிக் கதைகளும் நிறைய. அதையும் முன்கூட்டியே கேட்டுவிடலாம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் தனி என்று பொருள். 200 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 230 வெள்ளியைத் தாண்டும். “ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?” என்று தண்ணீர் கேட்டால், இரண்டுமே பெரும்பாலும் காசுக்கு வரும் போத்தல். வெறும் தண்ணீர் கிடைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். பிரான்ஸிலேயே சாப்பிட வருபவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாச்சாப் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. “அப்பா, உங்கள மெதுவா பேசச் சொன்னது என் தப்பு” என்றேன். அவர் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதை விடும்மா. அந்தப் பையன் எந்தத் தோட்டத்துப் பிள்ளைன்னு கேக்காம வந்துட்டேன்.”

“அடுத்த தடவை போறப்போ கேளுங்கப்பா” என்றேன். “சத்தமாவே கேளுங்க.”