கட்டிப் போட்டவன் மேல் விழும் அடிக்கு என்ன செக்சன்?

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் ஒரு பேச்சு. "ராத்திரில ஊட்டுக்குள்ள பூந்தவன வெட்டிப் போட்டா கேசே கெடையாதாம்பா, சட்டத்துலயே கீது." சொன்னவர் கையில் பேப்பர். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். அந்தக் கோழைத்தனத்துக்குத்தான் இப்போது இதை எழுதுகிறேன் தோழர்களே.

சட்டத்தில் இருக்கிறதா? பாதி இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை தற்காப்பு உரிமை. (2024 ஜூலை 1 முதல் அதே சரக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. பழைய எண்களையே சொல்கிறேன், நம்மை உதைத்தது அந்த எண்கள்தான்.) கொள்ளை, இரவில் வீடுடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் - இவற்றைத் தடுக்கும்போது எதிராளி செத்தாலும் குற்றமில்லை என்கிறது 103. வெறும் திருட்டு என்றால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தாக வேண்டும். பேப்பர்காரர் இதோடு மடித்து வைத்துவிட்டார். 103 தொடங்குவதே "99க்கு உட்பட்டு" என்றுதான். 99 என்ன சொல்கிறது? தடுக்கத் தேவையானதற்கு மேல் ஓர் அடிகூடக் கூடாது. போலீசை அழைக்க நேரமிருந்தால் அந்த உரிமையே கிடையாது. 105 இன்னும் கறார்: வீடுடைப்பு நடந்துகொண்டிருக்கும் வரைதான் அந்த உரிமை. மூட்டையோடு ஓடுகிறவனை விரட்டலாம், பிடிக்கலாம், பொருளைப் பிடுங்கலாம். திரும்பி நின்று கத்தியை ஓங்காதவனின் உயிரை எடுக்க முடியாது. பிடித்துக் கட்டியாச்சா, போலீசில் ஒப்படை. அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் புதுக் குற்றம்.

இரவில் வீடுடைத்துத் திருடினவனுக்குக் கோர்ட் கொடுக்க முடிந்த அதிகபட்சம் 14 வருடம். நீதிபதிக்கே இல்லாத தூக்குக் கயிறு தெருவில் நிற்கிறவன் கைக்கு எப்படி வந்தது?

இந்த உரிமையே வேண்டாம் என்று அகிம்சை பேசவில்லை. 2021 ஜனவரியில் நம் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பக்கம், கத்தி முனையில் பலாத்காரம் செய்ய வந்தவனை 19 வயசுப் பெண் குத்தினாள். அவன் செத்தான். 100ஆம் பிரிவின்படி தற்காப்பு என்று போலீசே அவளை விடுவித்தது. அது சரி. அந்தச் சட்டம் அவளுக்காகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் யார் திருடன் என்பதை எவன் தீர்மானிக்கிறான்? 1837இல் மெக்காலே தண்டனைச் சட்ட வரைவை எழுதும்போது, இந்த நாட்டுக்காரனுக்குத் துணிச்சல் போதவில்லை என்று தற்காப்பு உரிமையைத் தாராளமாகக் கொடுத்தான். 1871இல் அதே ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கையில் வீட்டுக்காரனுக்குத் தடி, மறு கையில் பிறப்பாலேயே திருடன் என்ற பட்டியல். சட்டத்தை 1952இல் நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள். ஊரின் தலைக்குள் இருக்கும் பட்டியலை எவன் எடுத்தான்?

எங்க சித்தப்பாவை ஒரு மாந்தோப்பில் கட்டி வைத்து அடித்தார்கள். பம்புசெட்டு மோட்டாரில் செம்புக் கம்பி காணோமாம். ராத்திரி அந்த வழியாக நடந்தது சேரிக்காரன், அது போதும். கம்பி அப்புறம் வேறு இடத்தில் அகப்பட்டது. சித்தப்பாவின் கால் கடைசிவரை நேராகவில்லை. அடித்தவர்கள் மேல் கேஸ் இல்லை. "தோட்டத்தக் காப்பாத்துனோம்" என்றார்கள்.

அதே வசனத்தைக் காக்கி பேசினால் எப்படி இருக்கும் என்று பார்க்க இங்கிருந்து ஆந்திரா பக்கம் பஸ் ஏறினால் போதும். 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. 20 தமிழ்க் கூலிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடிகள் அதில் இருந்தார்கள். கூலிக்குப் போன வன்னியர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் கல்லெறிந்தார்கள், கோடாரியோடு பாய்ந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திர போலீஸ். போலீசில் ஒருவரும் சாகவில்லை. நகரி புத்தூர் பக்கம் பஸ்ஸிலிருந்தே ஆட்களை இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் எந்த வீட்டை உடைத்தான்? தூக்கோ ஆயுளோ கிடைக்கிற குற்றம் இல்லாவிட்டால் கைது செய்யப்போய் ஆளைக் கொல்லக்கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 46 சொன்னது. மரம் வெட்டினதற்கு அந்தத் தண்டனை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு கதையிலும் ஒரு கல் பறந்து வந்தாக வேண்டியிருக்கிறது.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். நூற்றுக்கணக்கான போலீஸ் பட்டப்பகலில் பள்ளர்களின் வீடுகளுக்குள் புகுந்து டி.வி., தையல் மிஷின், தானியம் எதையும் விடாமல் நாசம் செய்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு 103 உண்டா? 99 குறுக்கே நிற்கிறது: பதவியின் பெயரால் நல்லெண்ணத்தோடு செய்தால், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் ஒழிய, எதிர்க்க உரிமையில்லை. தையல் மிஷினை உடைப்பதில் என்ன நல்லெண்ணமோ.

ஊரை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியவில்லை. போன வருஷம் எங்க காலனியிலேயே ராத்திரி ஒருத்தன் சிக்கினான். நம்ம பசங்கதான் கம்பத்தில் கட்டினார்கள். செல்போனை அமுக்கியிருந்தான், அது உண்மை. அவிழ்க்கச் சொன்னேன். "இன்னாண்ணா, உன் ஊட்ல பூந்திருந்தா?" என்றான் ஒரு மாணவன், நம் கூட்டங்களுக்கு வருகிறவன். "என் ஊட்ல பூந்திருந்தா நானும் கட்டையத் தூக்கியிருப்பேன்டா. இப்ப அவன் கை பின்னால கட்டிக்கீது. எதத் தடுக்கப் போற?" அவன் பதில் சொல்லவில்லை. கயிற்றையும் உடனே அவிழ்க்கவில்லை. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் நாலு பேர் கூடவே நடந்து ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். மறுநாள் காலையில் போய் ஆளைக் காட்டச் சொன்னோம்.